பதினேழாம் எண் யார் என்பது பற்றி

பதினேழாம் எண் என்பவர் யார் என்று என்னிடம் கேட்கப்பட்டது. இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. இதை முதல் வரியாக எழுதிக்கொள்ளும்படி நான் கேட்டதற்கு, பெயர், வயது, விலாசம்தான் முதலில் வர வேண்டும் என்று நிலைய எழுத்தர் சொன்னார். தாளின் தலைப்பகுதியில் கொஞ்சம் இடம் இருந்ததால் இன்ஸ்பெக்டர் அனுமதித்தார்.

எனக்கு வயது நாற்பத்தொன்பது. பெயரையும் வீட்டு விலாசத்தையும் தனித்தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, இத்துடன் கொடுத்திருக்கிறேன். சாட்சி விரும்பினால் அப்படிச் செய்ய விதி இருக்கிறது என்றேன். எழுத்தர் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, “இருக்குதான் மேடம். ஆனா இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை” என்றார். நான் பல்கலைக்கழகச் சட்டத்துறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என் கணவர் பல் மருத்துவர். என்மீது இதற்கு முன் புகார் எதுவும் இல்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நானும் எங்கள் துறையைச் சேர்ந்த சக பேராசிரியர் ஒருவரும் சேர்ந்து ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டோம். எதை எழுதினாலும் கடைசியில் நான்கு பின்னிணைப்புகளைச் சேர்ப்பார் என்பதால் மாணவர்கள் அவரைப் பின்னிணைப்பு என்பார்கள். அது அவருக்கும் தெரியும், ஆகவே இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். அலுவலகம், விடுதி, மருத்துவமனை, அடுக்குமாடிக் குடியிருப்பு போன்ற இடங்களின் வாசலில் ஒரு நோட்டை வைத்து, வருகிறவர்களின் பெயர், தொலைபேசி எண், யாரைப் பார்க்க, எதற்காக என்றெல்லாம் எழுதச் சொல்கிறார்கள். அந்த நோட்டு பிறகு என்ன ஆகிறது, யார் கையில் போகிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. வாசலில் வேலை பார்க்கும் நாற்பது பேரிடம் பேசினோம். பெயர் வெளியே வராது என்று ஒவ்வொருவருக்கும் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். கட்டுரையில் அவர்களுக்கு ஒன்று முதல் நாற்பது வரை எண்கள் மட்டுமே உண்டு.

எந்த எண் யார் என்ற பட்டியல் ஒரே ஒரு தாளில் இருந்தது. கட்டுரை அச்சில் வந்த அன்று, நாங்களே வகுத்த விதிப்படி, துறை அலுவலகத்தில் உள்ள தாள் கிழிக்கும் இயந்திரத்தில் அதைப் போட்டோம். இயந்திரம் இருபதாம் எண்ணோடு நின்றுவிட்டது. மீதியைக் கையால் கிழித்தோம்.

பட்டியல் போனாலும் நினைவு இருக்குமே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இருக்கிறது. ஆனால் கொடுத்த வாக்கும் இருக்கிறது. ஆய்வாளர் ஒருவர் கொடுத்த வாக்குக்குக் காவல் நிலையத்தில் மதிப்பு உண்டா என்று கேட்டார். அதைப் பற்றி நான் இருபத்தாறு பக்கம் எழுதியிருக்கிறேன் என்றும், முடிவுக்கு வரவில்லை என்றும் சொன்னேன்.

பதினேழாம் எண் சொன்னதாகக் கட்டுரையில் இருப்பது பின்வருமாறு. அவர் வேலை பார்த்த இடத்தில் ஒரு மேலாளர் தினமும் மாலையில் வாசல் நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து, உள்ளே இருக்கும் எல்லாருக்கும் கைபேசிக் குழுவில் அனுப்பினார். பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னார். அளவெடுக்க வந்துபோன ஒரு தையல்காரப் பெண்ணுக்கு அதன் பிறகு முன்பின் தெரியாதவர்களிடமிருந்து அழைப்புகள் வந்தன. அவர் வருவதையே நிறுத்திவிட்டார். அதன் பிறகு பதினேழாம் எண், வருகிறவர்களிடம், “உங்க நம்பர் வேண்டாம், இந்த நம்பரை எழுதுங்க” என்று ஓர் எண்ணைக் கொடுத்தார். அது அந்த மேலாளருடைய எண். பதினோரு மாதம் வந்தவர் எல்லாரும் அதையே எழுதினார்கள். மேலாளரும் தினமும் மாலையில் தன் எண்ணையே வரிசையாகப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பிவந்தார். அவர் உட்பட ஒருவரும் கவனிக்கவில்லை. நடுவில் ஒரு நாள் குழாய் பழுது பார்க்க வந்தவர் ஸ்பேனரை உள்ளே மறந்துவிட்டுப் போக, ஓர் அம்மா நோட்டில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, ஸ்பேனர் இங்கேயே கிடக்கிறது, வந்து எடுத்துப்போங்கள் என்று சொல்ல, மேலாளர் தனக்கு ஸ்பேனரே கிடையாது என்று கோபமாகச் சொல்லி வைத்துவிட்டார்.

இந்தக் கதை எங்கள் கட்டுரையில் ஒன்றரைப் பக்கம். மீதி முப்பத்தெட்டுப் பக்கங்களைப் படித்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். ஆனாலும் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை எழுதிய குழு எங்களை ஒன்பது இடங்களில் மேற்கோள் காட்டியது. மூன்று தீர்ப்புகளிலும் ஸ்பேனர் வந்துவிட்டது. வாசல் நோட்டைத் தொண்ணூறு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, பழைய நோட்டுகளையும் அழித்துவிட வேண்டும் என்று இப்போது சட்டத்தில் இருப்பது எங்கள் ஆறாவது பரிந்துரை. நாங்கள் கேட்டது முப்பது நாள்.

சென்ற மாதம் ஆறாம் தேதி காலை பதினோரு மணிக்கு, இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர், மூன்றாம் மாடியில் உள்ள என் அறைக்கு வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. எங்கள் கட்டுரையை முழுதாக அச்செடுத்து, ஒன்றரைப் பக்கத்துக்கு மட்டும் மஞ்சள் அடித்துக் கொண்டுவந்திருந்தார். முந்தின வாரம் சங்கக் கூட்டத்தில் யாரோ புதிய சட்டம் பற்றிய பத்திரிகைச் செய்தியைச் சத்தமாகப் படித்ததாகவும், ஸ்பேனர் வந்த இடத்தில் எல்லாரும் சிரித்ததாகவும், தானும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த அழைப்பு தனக்கு வந்தது ஞாபகம் வந்து நின்றுவிட்டதாகவும் அவரே சொன்னார். அதன் பிறகு என்னிடம் கேட்டது இது.

“அந்த மேலாளர் நான்தானே?”

கட்டுரையில் வருகிறவர்களைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை என்று சொன்னேன்.

“என்னைப் பத்தி என்கிட்டயே பேச மாட்டீங்களா?”

நியாயமான கேள்வி. தன்னைப் பற்றிய தகவல் யாரிடம் இருந்தாலும் அதைக் கேட்டுப் பெற ஒருவருக்கு உரிமை உண்டு என்பது எங்கள் இரண்டாவது பரிந்துரை. அவர் அதையும் படித்திருந்தார். நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்றார்.

எங்கள் தவறு எது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாற்பது பேரையும் மற்றவர்கள் கண்ணிலிருந்து எப்படி மறைப்பது என்று இரண்டு ஆண்டுகள் யோசித்தோம். கதையில் வருகிற ஒருவர் தன்னைத் தானே கண்டுபிடிப்பார் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

இரண்டாவது தவறு என்னுடையது மட்டும். கட்டுரையில் பதினேழாம் எண் ஓர் ஆண், அலுவலகக் கட்டடம் ஒன்றின் வாசலில் வேலை பார்ப்பவர். ஆனால் படிப்பவரை ஏமாற்றக் கூடாது என்று நான் அடிக்குறிப்பு ஒன்று எழுதினேன். நாற்பத்து மூன்றாம் அடிக்குறிப்பு. இந்தப் பங்கேற்பாளரின் அடையாளத்தைக் காக்க, ஆணா பெண்ணா என்பதும் எந்த வகை இடம் என்பதும் மட்டும் மாற்றப்பட்டுள்ளன, மற்றவை அவர் சொன்னபடியே உள்ளன என்று அதில் இருக்கிறது. செயலாளரின் மருமகன் வழக்கறிஞர். மாமனார் கேட்டார் என்று அந்த அடிக்குறிப்பை அவர்தான் வாசித்துக் காட்டியிருக்கிறார். அலுவலகம் இல்லை, ஆண் இல்லை என்று ஆகிவிட்டது. அந்தக் குடியிருப்பில் அந்த நாட்களில் மூன்று வேளைக்கு மூன்று வாயிற்காவலர்கள். மூவரில் பெண் ஒருவர்தான். காரைப் பின்னால் எடுக்கிறவர்களுக்கு விசில் ஊதி வழிகாட்டுவதால் எல்லாரும் அவரை விசில் அக்கா என்பார்கள். மூவரில் இன்னும் அங்கே வேலையில் இருப்பவரும் அவர் ஒருவரே.

செயலாளர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்து, பொய்ப் பதிவு செய்ததாகவும் தனக்கு மன உளைச்சல் உண்டாக்கியதாகவும் இந்த நிலையத்தில் புகார் கொடுத்திருந்தார். இதைத் தெரிவிக்கத்தான் என்னிடம் வந்ததாகச் சொல்லி எழுந்தார். போகும்போது கட்டுரை நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

அதன் பிறகு நான் விசில் அக்காவைப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே ஒரு பதிலாகிவிடும். பின்னிணைப்பை மட்டும் அழைத்துப் பேசினேன். நாற்பத்து மூன்றாம் அடிக்குறிப்பை நீக்கும்படி ஆய்விதழுக்கு எழுதப்போகிறேன் என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எடுத்தீங்கன்னா நாம ஏதோ புளுகினதா நினைப்பாங்க.”

நினைக்கட்டும் என்றேன்.

“சட்டமே அதை வெச்சுத்தான் நிக்குது. ஒரு கல்லை உருவினா, மத்ததையும் தட்டிப் பாப்பாங்க. அதுவும் போக, எடுத்தாச்சுன்னு போட்டா, இதுவரைக்கும் படிக்காதவன்கூட அதைத்தான் தேடிப் போய்ப் படிப்பான்.”

அதுவும் சரிதான். ஆனாலும் எழுதினேன். அந்த அடிக்குறிப்பு எழுதப்பட்டிருக்கவே கூடாது, பொறுப்பு என்னுடையது என்று நான்கு வரி. இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் அனுப்பிய முதல் திருத்தம் இது. அடுத்த இதழில் வரும் என்று பதில் வந்தது. வீட்டில் சொன்னபோது என் கணவர், தான் தப்பான பல்லைப் பிடுங்கினால் இப்படி நான்கு வரி எழுதித் தப்பிக்க முடியாது என்றார்.

பத்து நாள் கழித்து இன்ஸ்பெக்டரிடமிருந்து அழைப்புக் கடிதம் வந்தது. இன்று காலை பத்து மணிக்குப் பின்னிணைப்புடன் நிலையத்துக்கு வந்தேன். செயலாளரும் மருமகனும் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். வெளியே மர பெஞ்சில் சுமார் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை எனக்குத் தெரியுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இதற்கும் பதில் சொல்ல இயலாது என்றேன். நாற்பது பேரில் யாரைக் காட்டிக் கேட்டாலும், நாற்பது பேரில் இல்லாத யாரைக் காட்டிக் கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்வேன் என்றும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் பேனாவால் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

“அப்ப என்னைக் காட்டிக் கேட்டா?”

அதற்கும் அப்படித்தான் என்றேன். எழுத்தர் சிரித்து, எழுதியதில் ஒரு வரி அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று.

அதன் பிறகு, நாற்பத்து மூன்றாம் அடிக்குறிப்பு உண்மையா பொய்யா என்று கேட்கப்பட்டது. உண்மை என்றால் வெளியே பெஞ்சில் இருப்பவருக்கு வேலை போகும். பொய் என்றால் நான்கு ஆண்டுகளாக எல்லாரும் நம்பும் கட்டுரை போகும். இதைப் புரிந்துகொண்டுதான் கேட்கிறேன் என்று இன்ஸ்பெக்டரும் சொன்னார். அந்த அடிக்குறிப்பை நான் திரும்பப் பெற்றுவிட்டேன், அதை வைத்து யாரைப் பற்றியும் எந்த முடிவுக்கும் வர வேண்டாம், இதற்கு மேல் சொல்ல மாட்டேன், இதனால் என்மீது நடவடிக்கை எடுப்பதானால் எடுக்கலாம் என்று சொன்னேன். செயலாளரின் மருமகன் தாழ்ந்த குரலில், “விட்டுடலாம் மாமா” என்றார். செயலாளர் விடவில்லை.

அப்படியானால் நோட்டுகளே பேசட்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லி, அந்தப் பதினோரு மாத நோட்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டார். கட்டடம் திறந்த நாள் முதல் எல்லா நோட்டும் இருக்கிறது, ஒன்றுகூட விடாமல் வைத்திருக்கிறேன் என்று செயலாளர் பெருமையாகச் சொன்னார். பின்னிணைப்பு நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்ணூறு நாள் விதியைப் பிரிவு எண்ணுடன் சொன்னார். செயலாளரின் முகம் மாறியது. ஆனால் வழக்குக்குத் தேவையான பதிவுகளை வைத்திருக்க விதிவிலக்கு உண்டு என்பதையும் நான் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அது இருக்கிறது. மேசைக்கு அடியில் பின்னிணைப்பு என் காலை மிதித்தார். நாளை காலை நோட்டுகளைக் கொண்டுவரும்படி செயலாளரிடமும், வந்து கையெழுத்திடும்படி என்னிடமும் சொல்லப்பட்டது.

மேலே கண்டவற்றை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். மூன்று இடங்களில் காற்புள்ளி சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார். சொன்னதெல்லாம் உண்மை. சொல்லாமல் விட்டதைத் தெரிந்தே விட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)

தொடர்ச்சி. மறுநாள் நடந்ததை இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டபடி என் கையாலேயே எழுதிச் சேர்க்கிறேன். நேரில் பார்த்ததும் கேட்டதும் மட்டுமே இதில் உள்ளன.

காலை பத்தேகாலுக்குச் செயலாளரும் மருமகனும் ஆறு நோட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் மேலே இருந்ததைப் பிரித்தார். பெயர்கள் வேறு வேறு. எண் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒன்றே. அவர் மேசைமீது இருந்த தொலைபேசியை எடுத்து அந்த எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினார். செயலாளரின் சட்டைப் பையில் மணி அடித்தது. அவர் பழக்கத்தில் எடுத்து, “ஹலோ, யாரு?” என்றார்.

“நான்தான் சார். எதிர்லதான் உக்காந்திருக்கேன்.”

அதன் பிறகு கையெழுத்துகளைப் பார்த்தார்கள். ஒவ்வொரு வரியையும் வந்தவர்களே எழுதியிருந்தார்கள். ஒரு வரிகூட வாயிற்காவலர் எழுதியதில்லை. நேரத்தைப் பார்த்ததில், காலை, மதியம், இரவு என மூன்று வேளையிலும் அதே எண்ணைத்தான் எழுதியிருந்தார்கள். மூன்று வாயிற்காவலர்களும் அதைக் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் கட்டுரையில் இதை ஒருவர் செய்ததாக எழுதியிருக்கிறோம். அது சரியா என்று எனக்கு இப்போது தெரியவில்லை. பின்னிணைப்பு தன் குறிப்பேட்டை எடுத்து ஏதோ எழுதத் தொடங்கினார். இப்போது வேண்டாம் என்றேன்.

பொய் எண் எழுதிய குற்றம் என்றால் எழுதியவர்கள் எல்லாரையும் அழைக்க வேண்டும், சுமார் நாலாயிரம் பேர் வருவார்கள், பெஞ்சு ஒன்றுதான் இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். செயலாளர் அதற்கும் தயார் என்றார்.

இந்த நேரமெல்லாம் மருமகன் மூன்றாவது நோட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். சில பக்கங்களை மட்டும் இரண்டிரண்டாகப் புரட்டினார். எழுத்தர் அதைக் கவனித்து, “சார், நீங்க தாண்டின பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்க” என்றார். மருமகன் காட்டவில்லை. எழுத்தர் எழுந்து போய் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் முன் வைத்தார். இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டுச் செயலாளர் முன் வைத்தார். செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். மருமகனின் பெயர். யாரைப் பார்க்க என்ற இடத்தில் செயலாளரின் வீட்டு எண். எதற்காக என்ற இடத்தில், புத்தகம் திருப்பிக் கொடுக்க. தொலைபேசி எண் செயலாளருடையது. அடுத்த வியாழக்கிழமையும் அப்படியே. எழுத்தர் எண்ணியதில், ஆறு நோட்டுகளில் இருபத்து மூன்று முறை புத்தகம் திருப்பிக் கொடுக்கப்பட்டிருந்தது. எல்லாம் காலை பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்.

“அந்த நேரத்துல நான் சங்க ஆபீஸ்ல இருப்பேன்” என்று செயலாளர் மெதுவாகச் சொன்னார். பிறகு, “கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுப் பக்கமே வந்ததில்லைன்னு சொன்னீங்களே, மாப்பிள்ளை” என்றார்.

மருமகன் ஜன்னலைப் பார்த்தார்.

“இருபத்து மூணு புத்தகமா?”

“ஒரே புத்தகம்தான் மாமா.”

யாரும் சிரிக்கவில்லை என்று எழுத விரும்புகிறேன். ஆனால் செயலாளரே முதலில் சிரித்துவிட்டார். அதன் பிறகு ஒருவர் மிச்சமில்லை. அவர் நோட்டை மூடி, ஆறையும் அடுக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இதை இனிமேல் யாரும் பார்க்கக் கூடாது, இது எங்கள் குடும்ப விஷயம் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். பன்னிரண்டு மணிக்குப் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்திட்டார். எல்லா நோட்டுகளையும் இந்த வாரமே அழித்துவிடுவதாகவும் எழுதிக் கொடுத்தார். மகளிடம் என்ன சொல்வது என்று மருமகனைக் கேட்டார். மருமகன், “அவளுக்குத் தெரியும் மாமா” என்றார்.

அதன் பிறகு வெளியே பெஞ்சில் காத்திருந்த விசில் அக்காவை உள்ளே அழைத்தார்கள். இன்று மதிய வேளைக்கே வேலைக்கு வரும்படி செயலாளர் சொன்னார். நிறுத்திவைத்த நாட்களும் வேலை செய்ததாகக் கணக்கில் சேருமா என்று அவர் கேட்டார். செயலாளர் சேரும் என்றார். விசில் அக்கா அதை எழுதித் தரச் சொன்னார். செயலாளர் இரண்டு பேனாவில் ஒன்றை எடுத்து எழுதிக் கொடுத்தார்.

நான் வெளியே வந்தபோது விசில் அக்கா பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க எந்தக் கேஸுக்கு வந்தீங்க மேடம்?”

சாட்சி சொல்ல வந்தேன் என்றேன்.

“பாத்து, பயப்படாம சொல்லுங்க. இவங்க நல்லவங்கதான்.”

சொல்லிவிட்டேன் என்றேன். அவர் தலையாட்டினார். இதிலிருந்து எந்த முடிவுக்கும் வர இயலாது. ஒன்றேகாலுக்குப் பேருந்து வந்தது. அவர் ஏறிக்கொண்டார். மதிய வேளை இரண்டு மணிக்குத் தொடங்குகிறது.

(ஒப்பம்)